உடன்படிக்கை மேசையில் ஒரு கோவைத் தமிழர்

சேலத்திலிருந்து சேர்வராயன் மலைமீது ஏறும் சாலையில், ஏற்காட்டை நெருங்கும்போது சில்வர் ஓக் மரங்களின் நிழலில் காபிச் செடிகள் அடர்ந்து நிற்பதைக் காணலாம். 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் இம்மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். செடி இங்கே வளர்ந்தது. அதன் விலையோ கடல்கடந்த சந்தையில் முடிவாயிற்று. இந்தியக் காபிக்கும் தேயிலைக்கும் பிரிட்டன் வரிச்சலுகை அளிக்க இசைந்த ஒப்பந்தம் 1932ஆம் ஆண்டு கனடாவின் ஒட்டாவா நகரில் உருவாயிற்று. அதற்காகச் சென்ற இந்தியக் குழுவில் ஒருவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த ஆர். கே. சண்முகம்.

வணிகக் குடும்பத்தில் 1892ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் பிறந்த அவர், சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் சட்டக் கல்லூரியிலும் பயின்றார். கோவை நகராட்சியில் தொடங்கிய பொதுவாழ்வு, சென்னைச் சட்டமன்றம் வழியாகத் தில்லியின் மத்திய சட்டமன்றம்வரை சென்றது.

ஐரோப்பாவின் ஆறு நாடுகள் 1957இல் ரோம் நகரில் கையொப்பமிட்டுப் பொதுச்சந்தை அமைத்தமை உலகறிந்த செய்தி. அதற்குக் கால் நூற்றாண்டு முன்னரே, பிரிட்டானியப் பேரரசின் நாடுகள் தமக்குள் வரியைக் குறைத்துக்கொள்ள ஒட்டாவாவில் கூடின. ஆனால், ஒரு வேறுபாடு உண்டு. அந்த ஆறு நாடுகளும் தத்தம் பெயரால் பேசின. இந்தியாவோ தன்னை ஆள்வோரிடமே பேரம் பேச வேண்டியிருந்தது.

காலமும் கொடியது. 1929இல் தொடங்கிய உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தால் நாடுகள் சுங்கச் சுவர்களை உயர்த்திக்கொண்டிருந்தன. பிரிட்டனும் 1932இல் இறக்குமதிக்குப் பொதுவரி விதித்தது. இந்தியப் பொருள்களுக்கு அவ்வாண்டு நவம்பர் நடுப்பகுதிவரையே விலக்கு. உடன்படாவிடில் தேயிலையும் காபியும் வரியைச் சுமக்கும். உடன்பட்டால் பிரிட்டன் பொருள்கள் இந்தியாவில் குறைந்த வரியில் இறங்கும். அந்நியத் துணியைப் புறக்கணித்துத் தலைவர்கள் சிறையில் இருந்த ஆண்டு அது! மூடிவரும் உலகில், திறந்திருக்கும் சந்தையையாவது காத்துக்கொள்ள வேண்டும் என்பது ஒப்பந்தத்தை ஆதரித்தோர் வாதம். பெற்றது சிறிது, கொடுத்தது பெரிது என்றனர் எதிர்த்தோர். இன்று எண்ணிப் பார்க்கையில் இரு தரப்பிலும் நியாயம் இருந்ததாகவே தோன்றுகிறது.

மத்திய சட்டமன்றம் ஒப்பந்தத்தை ஏற்றது. 1933இல் சண்முகம் அம்மன்றத்தின் தலைவரானார். ஆனால், 1934ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரசு அலையில் தோற்றார். இரண்டே ஆண்டுகளில், 1936இல், புதிய மன்றம் ஒட்டாவா ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள வாக்களித்தது. அப்போது அவர் கொச்சி அரசின் திவானாகியிருந்தார். 1941வரை அப்பொறுப்பில் இருந்தார்.

1944 ஜூலையில் அமெரிக்காவின் பிரெட்டன் உட்சில் 44 நாடுகள் கூடிப் பன்னாட்டுப் பண நிதியத்தையும் உலக வங்கியையும் வடிவமைத்தபோது, இந்தியக் குழுவில் சண்முகமும் இருந்தார். போருக்காகப் பிரிட்டன் இந்தியாவிடம் கடனாகவே பொருள்களை வாங்கிவந்தது. பொருள்கள் கப்பலேற, இங்கே விலைகள் ஏறின. போர் முடிந்தபோது அக்கடன் 100 கோடி பவுனைக் கடந்திருந்தது. அதில் ஒரு பகுதியையேனும் புதிய நிதியத்தின் வழியே பெற வேண்டும் என்று இந்தியக் குழு கேட்டது, பிரிட்டன் மறுத்துவிட்டது.

அதே கடன் அவரை மீண்டும் தேடி வந்தது. விடுதலை இந்தியாவின் முதல் நிதியமைச்சரான அவர், 1947 நவம்பர் 26ஆம் நாள் முதல் வரவுசெலவுத் திட்டத்தை அளித்தார். 197.39 கோடி ரூபாய்ச் செலவில் ஏறத்தாழப் பாதி பாதுகாப்புக்கே சென்றது. 1948இல் கடனைக் குறித்துப் பேச இலண்டன் சென்றார். இம்முறை அவர் பேசியது விடுதலை பெற்ற நாட்டின் பெயரால். ஆயினும், ஆங்கிலேயர் விட்டுச்சென்ற படைத்தளவாடங்களுக்கு 10 கோடி பவுனும் அவர்தம் அலுவலர்களின் ஓய்வூதியத்துக்குப் பெருந்தொகையும் கழிக்கப்பட்டன. கடன் கொடுத்தவரே விட்டுக்கொடுக்கவேண்டிய விந்தை அது.

அடுத்த மாதமே, வருமான வரி விசாரணைப் பட்டியலிலிருந்து சில பெயர்கள் நீக்கப்பட்டமை குறித்து எழுந்த கேள்விகளை அடுத்து, அவர் பதவி விலகினார். சிலப்பதிகாரப் புகார்க் காண்டத்துக்கு உரை எழுதியவரும் தமிழிசை இயக்கத்துக்குத் துணை நின்றவருமான சண்முகம் 1953 மே மாதம் மறைந்தார். எர்ணாகுளத்தில் ஒரு சாலை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.