பழனிக்குப் போகாத பாம்பன் சுவாமிகள்

ஓம் சரவணபவ! 

சண்முக கவசம் நம்மில் நிறைய பேருக்கு மனப்பாடம். காலையில் வேலைக்குப் போகும்போது மெட்ரோவில் இயர்போன் மாட்டிக் கேட்பவர்களும் உண்டு, நானும் அதில் ஒருத்தன். அதைப் பாடிக் கொடுத்த பாம்பன் சுவாமிகளின் வாழ்க்கையைப் பற்றித்தான் இன்றைய பதிவு. கால் எலும்பு கூடிய அற்புதம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதோடு அவருக்குக் கடைசி வரை கிடைக்காமலே போன ஒன்றையும் சேர்த்துச் சொல்லப் போகிறேன். ரெண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் அந்த மனசு எவ்வளவு உறுதியானது என்று புரியும்.

ராமேஸ்வரத்தில் பிறந்து பாம்பனில் வளர்ந்தவர் சுவாமிகள். இளமைப் பெயர் அப்பாவு. தந்தை சாத்தப்ப பிள்ளை, தாய் செங்கமலம். சின்ன வயசிலேயே முருகன் மேல் பாட ஆரம்பித்துவிட்டார். அருணகிரிநாதர் என்றால் அவருக்கு உயிர். ஆனாலும் வீட்டை விட்டு ஓடிப்போன சாமியார் இல்லை அவர். கல்யாணம், மூணு குழந்தைகள், குடும்பப் பொறுப்பு என எல்லாம் இருந்தது. நம்மைப் போலவே வேலைக்கு நடுவில்தான் வழிபாடும்.

ஒரு கட்டத்தில் பழனிக்குப் போய்த் துறவு வாங்க வேண்டும் என்ற ஆசை அவருக்குள் கொழுந்துவிட்டு எரிந்தது. நண்பர் அங்கமுத்துப் பிள்ளையிடம் விஷயத்தைச் சொன்னார். இது முருகன் இட்ட கட்டளையா என்று நண்பர் கேட்டார். போகும் வேகத்தில் ஆமாம் என்று சொல்லிவிட்டார். ஒரே ஒரு சின்னப் பொய், அதுவும் நல்ல காரியத்துக்காக! ஆனா முருகன் விடவில்லை. கோபத்தோடு காட்சி கொடுத்து, நான் சொல்லும் வரை நீ பழனிக்கு வரக்கூடாது என்று தடுத்துவிட்டார் என்கிறது சுவாமிகளின் வரலாறு.

சரி, கொஞ்ச நாளில் கூப்பிட்டிருப்பார் என்றுதானே நினைக்கிறீங்க? இல்லை. அந்த அழைப்பு வரவே இல்லை. கடைசி மூச்சு வரை சுவாமிகள் பழனிக்குப் போகவில்லை.

கொஞ்சம் யோசித்துப் பாருங்க. நாள் பூரா முருகனை நினைக்கிற ஒருத்தருக்குப் பழனி இல்லை! நமக்கு ஒரு இன்டர்வியூ கைவிட்டுப் போனாலே சாமி படத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். சுவாமிகள் திரும்பிக்கொள்ளவில்லை. பழனியை அடைத்த அதே முருகனைத்தான் பாடிக்கொண்டே இருந்தார். அவர் பாடியவை மொத்தம் 6666 பாடல்கள் என்பது கணக்கு.

1891-ல் பாடியது சண்முக கவசம். உயிரெழுத்து 12, மெய்யெழுத்து 18, ஆக 30 எழுத்துகளின் வரிசையில் 30 பாடல்கள். தலையிலிருந்து கால் வரை ஒவ்வொரு உறுப்பையும் காக்கச் சொல்லி வேண்டுவது. நோயிலும் பயத்திலும் இருக்கிற அடியார்களுக்குத் துணையாக இருக்கட்டும் என்று கொடுத்தது.

1894-ல் ராமநாதபுரம் பக்கத்தில் உள்ள பிரப்பன்வலசையில், சுடுகாட்டை ஒட்டி ஒரு குழி வெட்டச் சொல்லி, சுற்றிலும் முள்வேலி போட்டு, உள்ளே உட்கார்ந்து 35 நாள் தவம் இருந்தார். முருகன் தரிசனம் தந்து உபதேசம் செய்த இடம் என்று இன்றும் அடியார்கள் அங்கே போகிறார்கள். அதன் பிறகுதான் சென்னை வாழ்க்கை.

இப்போ அந்த நாளுக்கு வருவோம். 1923 டிசம்பர் 27. சென்னை தம்புச் செட்டித் தெருவில் நடந்து போகும்போது குதிரை வண்டி மோதி, சக்கரம் சுவாமிகளின் இடது கால் மேல் ஏறிவிட்டது. எலும்பு முறிந்தது. சென்ட்ரல் எதிரே இருக்கிற அரசு பொது மருத்துவமனையில் சேர்த்தார்கள். வயது எழுபதைத் தாண்டிவிட்டது, உணவில் உப்பே சேர்க்காத உடம்பு, இந்த எலும்பு இனிமேல் கூடாது என்று டாக்டர்கள் கைவிரித்தார்கள்.

சீடர் சின்னசாமி ஜோதிடரும் மற்ற அடியார்களும் சண்முக கவசத்தைப் பாராயணம் செய்ய ஆரம்பித்தார்கள். 32 வருஷம் முன்னாடி மற்றவர்களுக்காக அவர் பாடி வைத்தது, இப்போ மற்றவர்கள் வாயால் அவருக்கே திரும்பி வந்தது!

பதினோராம் நாள், 1924 ஜனவரி 6 இரவு, படுக்கையில் இருந்தபடியே வானத்தில் இரண்டு மயில்கள் தோகை விரித்து ஆடுவதை சுவாமிகள் கண்டார். முறிந்த எலும்பு கூடியது. மருத்துவர்கள் வியந்தார்கள் என்கிறது வரலாறு. அந்த நாளைத்தான் மயூர வாகன சேவன விழாவாக வருஷா வருஷம் கொண்டாடுகிறோம். அதற்கப்புறம் ஐந்து வருஷத்துக்கு மேல் வாழ்ந்து, 1929 மே 30-ல் சமாதி அடைந்தார். திருவான்மியூரில் இருக்கிறது அவர் ஜீவசமாதி.

இந்த அற்புதத்தை ஷேர் பண்ணும்போதெல்லாம் எனக்கு ஒரு உறுத்தல் இருக்கும். என் ஃப்ரெண்ட் ஒருத்தனுக்கு வேலை போனது. 48 நாள் விடாமல் கவசம் படித்தான், வேலை கிடைக்கவில்லை. என் பக்தியில் என்ன குறை மச்சான் என்று கேட்டான். மயில் வராதவங்களுக்கு நாம என்ன பதில் சொல்வது?

சுவாமிகள் வாழ்க்கைதான் பதில் என்று எனக்குத் தோணுது. கால் விஷயத்தில் முருகன் தந்தார். பழனி விஷயத்தில் தரவில்லை. ரெண்டிலும் அதே பக்தர், அதே பக்திதான். கிடைத்ததை வைத்துப் பக்தியை அளக்க முடியும் என்றால், பாம்பன் சுவாமிகள் பக்தியிலும் குறை சொல்ல வேண்டியிருக்கும். சொல்ல முடியுமா?

பாசிட்டிவா இரு என்று எல்லோரும் சொல்கிறார்கள். எல்லாம் நல்லா நடக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு நம்புவது அல்ல அது. ஒரு கதவு திறக்காதபோதும் இன்றைக்குச் செய்ய வேண்டியதை இன்றைக்குச் செய்வது. ஃப்ரெண்டிடமும் இதைத்தான் சொன்னேன். இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறான், கவசத்தையும் விடவில்லை.

உங்க வீட்டிலோ நட்பிலோ இப்படித் துவண்டு போன யாராவது இருந்தால், கால் கூடிய கதையை மட்டும் அனுப்பாதீங்க. பழனிக்குப் போகாத கதையையும் சேர்த்துச் சொல்லுங்க.

வேலும் மயிலும் துணை. பாம்பன் சுவாமிகள் திருவடிகள் சரணம்.