குழந்தையைக் கற்ற மருத்துவர்

கற்போரின் உள்ளம் எவ்வாறு இயங்குகிறது என்பதை ஆராய்ந்து, அதற்கேற்பக் கற்பித்தலை அமைக்க வழிகாட்டும் அறிவுத்துறை கல்வி உளவியல் எனப்படும். கவனம், ஆர்வம், நினைவு, மறதி, பழக்கம், ஒருவருக்கொருவர் காணப்படும் திறன் வேறுபாடு ஆகியவை அதன் ஆய்வுப் பொருள்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இத்துறை மேலைநாடுகளில் உருப்பெற்று வந்தபோது, ஆசிரியராக அன்றி மருத்துவராக அதற்குள் அடியெடுத்து வைத்தவர் மரியா மாண்டிசோரி. இத்தாலியரான அவர் தம் முதுமைக் காலத்தின் பல ஆண்டுகளை அன்றைய சென்னை மாகாணத்தில் கழித்தார். சில மாதங்களே தங்குவதற்கு வந்தவரை உலகப் போர் இங்கே நிறுத்திவைத்தது.

மரியா, 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் கியாராவல்லே என்னும் ஊரில் பிறந்தார். தந்தை அலெசாண்ட்ரோ அரசு அலுவலர். தாய் ரெனில்டே நூல்களில் ஈடுபாடு மிக்கவர். குடும்பம் உரோமில் குடியேறியது. படித்த பெண்ணுக்கு ஆசிரியப் பணியே உகந்தது என்பது அக்காலத்தார் எண்ணம். பெற்றோரும் அதையே விரும்பினர். மரியாவோ ஆசிரியராக மாட்டேன் என மறுத்துவிட்டார். முதலில் பொறியியலில் நாட்டம் கொண்டு தொழில்நுட்பப் பள்ளியில் பயின்றார். பின்னர் மருத்துவம் படிக்க உறுதிகொண்டார். தந்தைக்கு அதில் உடன்பாடு இல்லை, தாய் துணைநின்றார். ஆடவரோடு ஒரே அறையில் ஒரு பெண் பிணக்கூறாய்வு செய்வது தகாது எனக் கருதப்பட்டதால், மற்ற மாணவர்கள் சென்றபின் தனியே அமர்ந்து அப்பயிற்சியை முடிக்க வேண்டியிருந்தது. 1896இல் உரோமைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, இத்தாலியின் முதல் பெண் மருத்துவர்களுள் ஒருவரானார்.

பல்கலைக்கழகத்தின் மனநல மருத்துவப் பிரிவில் துணை மருத்துவராகப் பணியாற்றியபோது, நகரின் மனநலக் காப்பகங்களுக்குச் செல்லும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. அறிவு வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைகளும் அங்கே அடைத்துவைக்கப்பட்டிருந்தனர். அவர்களுக்கு உணவும் உறைவிடமும் இருந்தன. கையால் தொட்டு விளையாட ஒரு பொருளும் இல்லை. உணவுண்டபின் தரையில் சிதறிய ரொட்டித் துணுக்குகளை அவர்கள் பொறுக்கி உருட்டுவதை மேற்பார்வையாளர் பெருந்தீனி எனக் கருதினர் என்றும், கைகளுக்கு வேலை தேடும் உள்ளத்தின் பசியை மரியா அதில் கண்டார் என்றும் சொல்லப்படுகிறது. இக்குழந்தைகளின் நிலை மருந்தால் மட்டும் தீர்வதன்று, கல்வியாலும் தீர வேண்டுவது என்னும் முடிவுக்கு அவர் வந்தார். இட்டார், செகுவான் என்னும் பிரெஞ்சு மருத்துவர் இருவரும் பல பத்தாண்டுகளுக்கு முன்னரே இவ்வழியில் உழைத்திருந்தனர். அவர்தம் நூல்களைத் தம் கைப்பட இத்தாலிய மொழியில் எழுதி எழுதிப் பயின்றார்.

1900இல் உரோமில் இத்தகைய குழந்தைகளுக்கான ஆசிரியப் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. மரியாவும் ஜுசெப்பே மொந்தெசானோ என்னும் மருத்துவரும் அதன் இயக்குநர்கள். கற்கவே இயலாதவர் எனத் தள்ளப்பட்ட குழந்தைகள் சிலர், அங்கே பயின்று பொதுப்பள்ளி மாணவர் எழுதும் தேர்விலேயே வெற்றி பெற்றனர். ஊரார் வியந்து பாராட்டினர். மரியாவின் சிந்தனை வேறு திசையில் சென்றது. பின்தங்கிய குழந்தைகளே இவ்வளவு எட்ட முடியுமாயின், நல்ல உடலும் அறிவும் வாய்த்த குழந்தைகளைப் பொதுப்பள்ளிகள் ஏன் இத்தாழ்ந்த அளவிலேயே நிறுத்திவைத்துள்ளன? இவ்வினாவுக்கு விடைகாண, 1901இல் அப்பள்ளியை விட்டு விலகி, பல்கலைக்கழகத்தில் மீண்டும் மாணவியாகச் சேர்ந்து மெய்யியலும் உளவியலும் கற்றார்.

அவர் வாழ்வின் மிகுந்த வேதனையும் இக்காலத்ததே. மரியாவுக்கும் மொந்தெசானோவுக்கும் 1898இல் மரியோ என்னும் மகன் பிறந்தான். அவர்கள் மணம் செய்துகொள்ளவில்லை. மணமாகாத தாய் என்பது வெளிப்பட்டால் மருத்துவப் பணியும் பொதுவாழ்வும் அன்றோடு முடிந்துவிடும் நிலை. குழந்தை நாட்டுப்புறக் குடும்பம் ஒன்றில் வளர்க்கப்பட்டது. தாய் அவ்வப்போது சென்று பார்த்துத் திரும்பினார். பிறர் குழந்தைகளின் உள்ளத்தை ஆராய்வதில் நாள்களைச் செலவிட்ட அவருக்குத் தம் குழந்தையின் மழலைப் பருவம் கிட்டவில்லை. ஏறத்தாழப் பதினைந்து வயதில்தான் மரியோ தாயிடம் வந்து சேர்ந்தார். அதன்பின்னும் உறவினர் என்றோ வளர்ப்பு மகன் என்றோதான் உலகுக்கு அறிமுகப்படுத்தப்பட்டார்.

1907 சனவரி 6 அன்று, உரோமின் சான் லொரென்சோ என்னும் ஏழையர் குடியிருப்பில் ‘குழந்தைகள் இல்லம்’ திறக்கப்பட்டது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் படிக்கட்டுகளில் அலைந்து சுவர்களைப் பாழாக்கிய சிறுவர்களை ஓரிடத்தில் வைத்துக் காக்க வேண்டும் என்பதே கட்டட உரிமையாளர்களின் நோக்கம். கல்விச் சீர்திருத்தம் எதனையும் அவர்கள் எண்ணியிருக்கவில்லை. ஐம்பதுக்கு மேற்பட்ட அக்குழந்தைகளின் பொறுப்பு மரியாவிடம் வந்தது. முன்னர்த் தாம் பயன்படுத்திய மரக்கட்டைகள், உருளைகள், எழுத்துகள் ஆகியவற்றை அங்கே வைத்துவிட்டு, குழந்தைகள் என்ன செய்கின்றனர் என்று பார்க்கத் தொடங்கினார்.

ஒருநாள், மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, வெவ்வேறு பருமனுள்ள உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்திக்கொண்டிருந்தாள். பொருத்தி முடித்ததும் எல்லாவற்றையும் எடுத்துக் கலைத்து மீண்டும் தொடங்கினாள். மரியா எண்ணத் தொடங்கினார். சுற்றிலும் மற்றக் குழந்தைகளைப் பாடச் செய்தார், சிறுமி நிமிரவில்லை. அவள் அமர்ந்திருந்த நாற்காலியோடு அவளைத் தூக்கி மேசைமேல் வைத்தார். அவள் உருளைகளை மடியில் அணைத்துக்கொண்டு, அங்கேயும் அதே வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கும் மேல் செய்து முடித்தபின், எவரும் சொல்லாமலே நிறுத்திவிட்டு, நன்றாக உறங்கி எழுந்தவள்போல் மலர்ந்த முகத்தோடு சுற்றிப் பார்த்தாள். சிறு குழந்தையின் கவனம் ஓரிடத்தில் நில்லாது என்பதே அதுவரை பலரும் கொண்டிருந்த கருத்து. தக்க பொருளும் இடையூறற்ற நேரமும் கிடைத்தால் அக்கவனம் ஆழமாக நிலைகொள்ளும் என்பதை இந்நிகழ்ச்சி காட்டியது. திண்ணைப் படியில் ஏறி இறங்கி, மீண்டும் ஏறி இறங்கிக்கொண்டேயிருக்கும் குழந்தையை வீட்டார் குறும்பு என்று தூக்கிச் செல்வதுண்டு. மரியாவின் பார்வையில் அது குழந்தை தனக்குத்தானே அளித்துக்கொள்ளும் பயிற்சி.

இவ்வாறு கண்டவற்றிலிருந்தே அவருடைய முறை வளர்ந்தது. ஒரு குறிப்பிட்ட வளர்ச்சிக் காலத்தில் ஒரு குறிப்பிட்ட திறனைப் பெறுவதற்குக் குழந்தையின் உள்ளம் இயல்பாகவே விழைகிறது. மொழி, ஒழுங்கு, நுண்ணிய பொருள்கள்மீது நாட்டம் எனப் பலவற்றுக்கும் இத்தகைய கூருணர்வுப் பருவங்கள் உண்டு. அப்பருவம் கடந்துவிட்டால் அதே திறனைப் பெறப் பெருமுயற்சி வேண்டும் என்பது அவர் கொள்கை. தவறு நேர்ந்தால் ஆசிரியர் கண்டிக்க வேண்டியதில்லை. உருளை குழியில் பொருந்தாமற் போவதே தவற்றைக் காட்டிவிடும். பரிசும் தண்டனையும் அங்கே தேவையற்றுப் போயின. சொரசொரப்பான தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை விரலால் தடவி, ஒலியைச் சொல்லிப் பழகிய குழந்தைகள் சிலர், ஐந்து வயதுக்கு முன்னரே எழுதத் தொடங்கினர். மணலில் விரலால் எழுதிப் பழகிய நம் திண்ணைப் பள்ளிகளை அறிந்தவர்க்கு இது முற்றிலும் புதியதாகத் தோன்றாது. ஆயினும் அங்கே மனப்பாடமும் பிரம்பும் உடன்வந்தன.

மரியாவின் முறைக்கு மறுப்பும் எழாமலில்லை. அமெரிக்கக் கல்வியறிஞர் வில்லியம் கில்பாட்ரிக், 1914இல் அதனை ஆராய்ந்து ஒரு நூலே எழுதினார். கற்பனைக்கும் கூடி விளையாடுவதற்கும் அதில் போதிய இடமில்லை என்பது அவர் கூறிய குறைகளுள் ஒன்று. அக்குறையில் ஓரளவு உண்மை உண்டு. தம் முறையைப் பிறர் திருத்துவதை மரியா எளிதில் ஏற்றுக்கொண்டதும் இல்லை. இத்தாலியில் முசோலினியின் அரசு முதலில் அவருக்கு ஆதரவளித்தது. பின்னர் இருவருக்கும் இடையே பிணக்கு முற்றி, 1934இல் அவர் தாய்நாட்டை விட்டு நீங்கினார். இசுபெயினில் தங்கியிருந்தபோது உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்தும் வெளியேறி நெதர்லாந்தை அடைந்தார்.

இந்தியாவில் அவர் பெயர் அதற்கு முன்பே பரவியிருந்தது. குசராத்தில் கிஜுபாய் பதேகா, 1920 முதல் இம்முறையை நம் நாட்டுச் சூழலுக்கேற்ப மாற்றிக் குழந்தைப் பள்ளி நடத்திவந்தார். காந்தியடிகள் 1931இல் இலண்டனில் மரியாவைச் சந்தித்தார். பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்று, 1939 நவம்பரில் மரியாவும் மரியோவும் சென்னை அடையாற்றுக்கு வந்து சேர்ந்தனர். தம் முறையை மண்ணுக்கேற்ப வளர்த்த கிஜுபாயை மரியா இங்கே காண இயலவில்லை. அவ்வாண்டு சூன் மாதத்திலேயே அவர் மறைந்துவிட்டார். சபையின் தோட்டத்தில் ஓலைக் குடில்கள் எழுந்தன. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து ஏறத்தாழ முந்நூறு பேர் பயிற்சிக்கு வந்தனர். மரியா இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துரைத்தார்.

1940 சூன் 10 அன்று இத்தாலி போரில் இறங்கியது. பிரித்தானியரின் ஆட்சியிலிருந்த இந்தியாவில் இத்தாலியர் அனைவரும் ஒரே நாளில் பகைநாட்டினர் ஆயினர். மரியோ அகமத்நகர்த் தடுப்பு முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். மரியா சபையின் வளாகத்தை விட்டு வெளிச்செல்லத் தடை விதிக்கப்பட்டது. மொழிபெயர்ப்பாளரும் துணையும் ஒருவரே, அவரும் பிரிக்கப்பட்டார். அவ்வாண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் மரியாவுக்கு எழுபது வயது நிறைந்தது. அதனையொட்டி அரசப் பிரதிநிதியிடமிருந்து ஒரு தந்தி வந்தது. பிறந்தநாளுக்கு எதைப் பரிசாக அளிப்பது என நெடிது எண்ணி, அவருடைய மகனையே திருப்பி அளிப்பதென முடிவு செய்ததாக அதில் கண்டிருந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவர் வெளிப்படையாகச் சொல்ல இயலாத உறவை, அவரைத் தடுத்துவைத்த அரசே எழுத்தில் உரைத்துவிட்டது. மரியோ அடையாற்றுக்குத் திரும்பினார்.

உதகை, ஏற்காடு, கோடைக்கானல் ஆகிய மலையூர்கள் வெயிலுக்கு அஞ்சிய ஐரோப்பியர்க்குக் கோடைக்கால உறைவிடங்கள். 1942இல் அம்மலைகளை நோக்கிச் செல்ல வேறொரு காரணமும் சேர்ந்தது. ஏப்பிரல் மாதத்தில் சப்பானிய வானூர்திகள் கொழும்பைத் தாக்கின. சென்னையிலிருந்து மக்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறினர். அவ்வாண்டு மரியாவும் மரியோவும் கோடைக்கானலில் தங்கலாயினர். ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் இருந்த அவ்வூரில் சில குழந்தைகளோடு ஒரு சிறு பள்ளி தோன்றியது. இலங்கையைச் சேர்ந்த லேனா விக்கிரமரத்தினா அதில் துணைபுரிந்தார். சிறியோரும் பெரியோருமாக, வெவ்வேறு வயதினர் அங்கே ஒன்றாக இருந்தனர்.

அதுவரை மரியாவின் முதன்மையான ஆய்வு ஆறு வயதுக்கு உட்பட்டோரைப் பற்றியது. கோடைக்கானலில் அதற்கு மூத்த குழந்தைகளையும் நாள்தோறும் உற்றுநோக்க முடிந்தது. இலை, வேர், பூச்சி, நீர்வாழ் உயிர் என மலையில் கிடைத்தவையே பாடப்பொருள்கள் ஆயின. ஆறு வயதுக்கு மேற்பட்ட குழந்தையின் உள்ளம், ஒன்றன் பெயரை அறிவதோடு நிறைவடையாமல், ஏன், எதனால் என்று கேட்டுச் செல்வதை அவர் கண்டார். எடுத்துக்காட்டாக, மலைமேல் உள்ள சோலைக்காடு மழைநீரைத் தேக்குகிறது. அந்நீர் ஓடையாக இறங்கிக் கீழேயுள்ள வயலை அடைகிறது. வயல் ஊரை உண்பிக்கிறது. இவற்றைத் தாவரவியல், புவியியல், உழவு எனத் துண்டாக்கிக் கற்பிப்பதைவிட, ஒன்றோடொன்று பிணைந்த ஒரே கதையாகக் காட்டினால் குழந்தையின் ஆர்வம் தானே பெருகும். அண்டக் கல்வி எனப்படும் இக்கருத்தை மரியா முன்னரே கூறியிருந்தார். அதற்கு முழுமையான உருவம் கோடைக்கானலில்தான் கிடைத்தது. பெரிய சிறுவர் சிறியோர்க்குச் சொல்லிக்கொடுக்கும்போது இருவருமே கற்கின்றனர் என்பதும் அங்கே நாள்தோறும் கண்ட உண்மை.

கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் அகமதாபாத், கொழும்பு முதலிய நகரங்களில் பயிற்சி வகுப்புகளை நடத்தினார். நாட்டில் அவரிடம் பயின்றோர் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர். 1946இல் ஐரோப்பா சென்றவர், அடுத்த ஆண்டே மீண்டும் வந்து 1949 வரை பணியாற்றினார். அகமதாபாத்தில் ஆற்றிய உரைகளின் அடிப்படையில் அமைந்த ‘ஈர்த்துக்கொள்ளும் உள்ளம்’ பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல், 1949இல் சென்னையிலேயே முதலில் ஆங்கிலத்தில் வெளியாயிற்று. எவரும் இலக்கணம் கற்பிக்காமலே மூன்று வயதுக் குழந்தை தாய்மொழியைப் பேசுகிறது. தமிழ் வீட்டில் வளர்ந்தால் தமிழையும், தெலுங்கு வீட்டில் வளர்ந்தால் தெலுங்கையும் அதன் ஒலிநயத்தோடு தன்வயப்படுத்திக்கொள்கிறது. வளர்ந்தவர் முயன்று கற்பதைக் குழந்தை வாழ்ந்தே பெற்றுவிடும் இவ்வியல்பை அந்நூல் விளக்குகிறது. 1949 முதல் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து அவர் பெயர் அமைதிக்கான நோபல் பரிசுக்கு முன்மொழியப்பட்டது, பரிசு கிட்டவில்லை.

1952 மே 6 அன்று, நெதர்லாந்தின் நோர்டுவைக் கடற்கரையூரில், ஆப்பிரிக்காவுக்குச் சென்று ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பது குறித்து மரியோவோடு பேசிக்கொண்டிருந்தார். எண்பத்தொரு வயதில் அத்தொலைவு செல்லல் ஆகாது என்பது மரியோவின் எண்ணம். சிறிது நேரத்தில் மரியாவின் உயிர் பிரிந்தது. அவ்வூரிலேயே நல்லடக்கம் செய்யப்பட்டார். அவர் எழுதிவைத்த உயிலில் மரியோ, மகன் என்றே குறிக்கப்பட்டிருந்தார்.