மகளோடு கைகோர்த்து நடந்த தளபதி



நமது கடலில் முத்துக்குளித்தல் நடந்த காலத்தில், ஒருவர் மூழ்கும்போது அவரது கயிற்றைத் தோணியிலிருந்து இன்னொருவர் பிடித்திருப்பார். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளின் தந்தையரைக் காணும்போது இது நம் நினைவுக்கு வருகிறது. தாய்மார் நம்மிடம் வந்து அழுகிறார்கள். தந்தையரோ கடலுக்கும் துறைமுகத்துக்கும் வேலைக்குப் போய்வந்து, மனதுக்குள்ளேயே புழுங்குகிறார்கள். அவர்களது கயிற்றைப் பிடித்திருப்பவர் யார்?

அத்தகைய தந்தை ஒருவரின் வாழ்வைச் சிந்திப்போம். 1890-இல் பிரான்சின் லீல் நகரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் சார்லஸ் டி கோல். இரண்டாம் உலகப் போரில் நாட்டின் விடுதலைக்காகப் போராடிய தளபதி. 1959 முதல் 1969 வரை குடியரசுத் தலைவர்.

1928 ஜனவரி 1 அன்று அவருடைய மூன்றாவது குழந்தை ஆன் பிறந்தாள். அவளுக்கு டவுன் சிண்ட்ரோம். இத்தகைய பிள்ளைகளை விடுதியில் விட்டு மறைப்பது அந்நாளில் வழக்கம். டி கோலும் மனைவி இவோனும் அவளைத் தங்களோடு வைத்து வளர்த்தார்கள். போர்க்காலத்தில் இங்கிலாந்துக்கும் அழைத்துச் சென்றார்கள். எவரிடமும் எளிதில் நெருங்காத அந்த நெடிய மனிதர், மகளிடம் குழந்தையாகிவிடுவார். அவளுக்காகப் பாடுவார், ஆடுவார், கைகோர்த்து நடப்பார்.

போருக்குப் பின் அத்தம்பதியர் பாரிசுக்கு அருகில் ஒரு மாளிகையை வாங்கி, மகள் பெயரில் அறக்கட்டளை நிறுவி, அவளைப் போன்ற பெண் பிள்ளைகளுக்கு இல்லம் அமைத்தார்கள். தம் போர் நினைவு நூல்களின் வருமானத்தையும் அவர் அதற்கே அளித்தார். தம் வீட்டுத் துயரம் பிற வீடுகளுக்கும் உண்டு என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

1948-இல் நிமோனியாவால் ஆன் இறந்தாள். வயது 20. அரசு ஆடம்பரமின்றித் தம்மை மகளின் கல்லறையிலேயே அடக்கம் செய்ய வேண்டும் என்று 1952-இல் எழுதிவைத்தார் டி கோல். 1970 நவம்பரில் கொலம்பே என்ற சிற்றூரில் அவ்வாறே நடந்தது.

ஆன் வாழ்ந்த காலத்தில் இதன் காரணம் எவருக்கும் தெரியாது. 1959-இல்தான் ஜெரோம் லெஜூன், மார்த் கோத்தியே முதலிய பிரெஞ்சு மருத்துவர்கள், கூடுதலான ஒரு 21-ஆம் குரோமோசோமே காரணம் என அறிவித்தார்கள். எனவே இது எவருடைய பாவமும் அல்ல, சாபமும் அல்ல.

டி கோலிடம் பதவியும் வசதியும் இருந்தன. நம் தந்தையருக்கு இருப்பது ஒருவருக்கொருவர்தான். இப்பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப்பேருக்கு இதயக் குறை இருப்பதால், பிறந்தவுடன் பரிசோதனை தேவை. பள்ளி, மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, பெற்றோருக்குப் பின் காப்பாளர் என எத்தனையோ கவலைகள். இவற்றைக் கடந்துவந்த தந்தை, புதிதாகக் கலங்கி நிற்பவரின் வீட்டுக்கு ஒரு மாலை போய் அமர்ந்தால் போதும். ஞாயிறு திருப்பலி முடிந்து நான்கு தந்தையர் தம் பிள்ளைகளோடு ஆலய முற்றத்தில் கூடினால், ஐந்தாமவரும் தம் பிள்ளையைக் கைப்பிடித்து அழைத்து வருவார்.