நீருக்கடியில் மூச்சுவிட வழி கண்டவர்

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது நம் முன்னோர் வாக்கு. ஆழத்தை அளந்து, அங்கே மூச்சுவிடவும் வழி கண்டு, அதன் பின் தாமே இறங்கிக் காட்டிய ஓர் அறிஞரைப் பற்றி இங்கே எழுத விழைகிறோம். அவர்தாம் எட்மண்ட் ஹாலி. ஹாலி என்றதும் வால் நட்சத்திரமே நம் நினைவுக்கு வரும். வானத்தை ஆராய்ந்த அவர் கடலின் அடியையும் ஆராய்ந்தவர் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

ஹாலி 1656-ஆம் ஆண்டு லண்டன் மாநகரின் அருகே பிறந்தார். தந்தை சோப்பு உற்பத்தி செய்து பொருள் ஈட்டிய வணிகர். மகனின் கல்விக்கு அவர் குறை வைக்கவில்லை. தூய பவுல் பள்ளியிலும், பின்னர் ஆக்ஸ்ஃபோர்டிலும் ஹாலி கல்வி பயின்றார். ஆனால் 1676-இல், இருபது வயதில், பட்டம் பெறும் முன்னரே கப்பலேறி, செயின்ட் ஹெலினா என்னும் தொலைதூரத் தீவுக்குச் சென்றார். தென்வானத்து விண்மீன்களில் 341-ஐ அங்கிருந்து அளந்து பட்டியலிட்டார். 1678-இல், தம் இருபத்திரண்டாம் வயதில், ராயல் சொசைட்டி என்னும் அறிஞர் சபையில் உறுப்பினரானார். நண்பர் நியூட்டனை ஊக்கப்படுத்தி, புகழ்பெற்ற பிரின்சிப்பியா நூலை எழுதச் செய்து, 1687-இல் அதைத் தம் சொந்தச் செலவில் அச்சேற்றியவரும் இவரே.

1691-ஆம் ஆண்டில், ஆப்பிரிக்காவிலிருந்து தங்கமும் யானைத் தந்தமும் ஏற்றி வந்த கப்பல் ஒன்று இங்கிலாந்தின் தென்கரையில், சசெக்ஸ் அருகே மூழ்கியது. அதிலிருந்த பொருள்களை மீட்கும் பணியில் ஹாலி ஈடுபட்டார். அக்காலத்தில் முத்தும் கடற்பஞ்சும் எடுப்போர் மூச்சை அடக்கியே மூழ்கினர். இரண்டொரு நிமிடத்தில் மேலே வந்தாக வேண்டும். அதற்குள் என்ன வேலை செய்ய இயலும்?

வெறும் டம்ளர் ஒன்றைக் கவிழ்த்து, வாளித் தண்ணீரில் நேராக அமுக்கிப் பார்ப்போம். உள்ளே காற்று தங்கிவிடுவதால் தண்ணீர் முழுவதும் ஏறுவதில்லை. இந்த முறையில் அமைந்த மூழ்குமணி என்னும் கருவி ஹாலிக்கு முன்பே இருந்தது. ஆனால் அதில் இரண்டு குறைகள் இருந்தன. முதலாவது, ஆழம் செல்லச் செல்ல நீரின் அழுத்தத்தால் உள்ளிருக்கும் காற்று சுருங்கிவிடும். 33 அடி ஆழத்தில் அது பாதியாகிவிடும். தண்ணீர் பாதி மணிவரை ஏறிவிடும். இரண்டாவது, மீண்டும் மீண்டும் சுவாசித்த காற்று கெட்டுப்போகும்.

ஹாலி செய்த மூழ்குமணி மரத்தாலானது. மேற்புறம் 3 அடி அகலம், அடிப்புறம் 5 அடி அகலம். உள்ளே ஏறத்தாழ 60 கன அடி இடம் இருந்தது. தானாகவே மூழ்கும்படி வெளியே ஈயத் தகடு போர்த்தினார். வெளிச்சம் வர உச்சியில் ஒரு கண்ணாடி. கெட்ட காற்று வெளியேற அங்கேயே திறந்து மூடும் சிறு குழாய்.

புதுக் காற்றுக்கு அவர் கண்ட வழி மிக எளியது. ஈயம் போர்த்த இரண்டு மரப் பீப்பாய்கள். ஒவ்வொன்றும் சுமார் 36 காலன் கொள்ளும். கிணற்று ராட்டினத்தில் ஒரு வாளி இறங்க மறு வாளி ஏறுவதுபோல் இவை மாறி மாறி இறங்கி ஏறின. பீப்பாயின் தோல் குழாயை மணிக்குள் இருப்பவர் இழுத்து உயர்த்தியதும், அடித் துளை வழியே கடல்நீர் புகுந்து, பீப்பாயிலிருந்த காற்றை மணிக்குள் தள்ளிவிடும். இவ்வாறு மணிக்குள் ஏறிய தண்ணீரும் கீழே இறங்கியது. சுவாசிக்கப் புதுக் காற்றும் கிடைத்தது.

கருவியைச் செய்தவர் பிறரை இறக்கிவிட்டுக் கரையில் நிற்கவில்லை. ஐவரில் ஒருவராகத் தாமும் இறங்கி, 54 முதல் 60 அடி ஆழத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேலாகத் தங்கினார். இறங்கும்போது காதில் தாங்கொணா வலி உண்டாகும். ஆகவே ஒரேயடியாக இறங்காமல், சுமார் 12 அடிக்கு ஒருமுறை நின்று நின்று இறங்கினர். ஒருவர் வலிக்குப் பயந்து, மென்ற காகிதத்தைக் காதில் அடைத்துக்கொண்டார். அழுத்தத்தால் அது உள்ளே போய்விட, மருத்துவர் அரும்பாடுபட்டே எடுக்க வேண்டியதாயிற்று!

கடல் தெளிந்திருந்தபோது மணிக்குள் படிக்கவும் எழுதவும் முடிந்தது. கலங்கியபோது மெழுகுவத்தி ஏற்றினர். ஆனால் ஒரு மெழுகுவத்தி ஏறக்குறைய ஒரு மனிதர் அளவு காற்றைச் செலவழிப்பதை அவர் கவனித்தார். மேலே இருப்பவர்களுக்குச் செய்தி அனுப்ப, ஈயத் தகட்டில் இரும்பு எழுத்தாணியால் எழுதி, காலிப் பீப்பாயோடு அனுப்பினார். மணியை விட்டு வெளியே நடந்து வேலை செய்ய, கண்ணாடி பதித்த ஈயத் தொப்பியையும், மணியிலிருந்து அதற்குக் காற்று கொணரும் குழாயையும் அமைத்தார். நீருக்கடியில் வாழும் முறை பற்றிய அவருடைய கட்டுரையை 1716-இல் ராயல் சொசைட்டி வெளியிட்டது. பிராணவாயு என்ற ஒன்று உண்டென்பதை உலகம் அறியுமுன்பே அவர் இவ்வளவும் செய்தார் என்பது வியப்பன்றோ!

இன்று கணினி விளையாட்டுகளிலும் கடலடி வாழ்வைக் காண்கிறோம். 2018-இல் வெளிவந்த சப்நாட்டிகா என்னும் விளையாட்டில், தொடக்கத்தில் 45 விநாடிக்கே மூச்சு இருக்கும். பின்னர் காற்றுக்கலன், விளக்கு, காற்றுக் குழாய், கடலடி வீடு என ஒவ்வொன்றாகச் செய்துகொள்ள வேண்டும். ஹாலியும் இதே தேவைகளைத்தான் ஒவ்வொன்றாகத் தீர்த்தார். ஆனால் விளையாட்டில் மூச்சு தீர்ந்தால் மீண்டும் தொடங்கலாம். ஹாலிக்கு இருந்தது ஒரே உயிர்.

1705-இல் அவர் வால் நட்சத்திரத்தின் வரவைக் கணித்து வெளியிட்டார். 1720-இல் அரசவை வானியலாளரானார். 1742-இல் தம் 85-ஆம் வயதில் மறைந்தார். அவர் கணித்தபடியே 1758-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்புத் திருநாளன்று அந்த வால் நட்சத்திரம் மீண்டும் தென்பட்டது. அதைக் காண அவர் இல்லை.

அன்புத் தோழியரே! துணிவு மட்டும் இருந்தால் போதாது; துணிவோடு முன்யோசனையும் வேண்டும். பிறரை அனுப்புமுன் தாமே இறங்கிப் பார்க்கும் நேர்மையும் வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே பெற்ற ஹாலியின் வழியில், நாமும் கல்விக்கடலில் ஆழம் அறிந்து இறங்குவோமாக!