ஏரித் தண்ணீர் எங்கே போயிற்று? அலெக்சாந்தர் ஹம்போல்ட்டின் வரலாறு

உங்கள் பிள்ளைகளின் விஞ்ஞானப் பாடப் புத்தகத்தை ஒருமுறை எடுத்துப் புரட்டிப் பாருங்கள். உணவுச் சங்கிலி, உணவு வலை, சூழற்றொகுதி என்னும் சொற்கள் கண்ணிற் படும். புல்லை மான் மேய்கிறது, மானைச் சிறுத்தை பிடிக்கிறது, சிறுத்தை செத்தால் அதன் உடல் மண்ணோடு மண்ணாகி மறுபடியும் புல்லுக்கு உரமாகிறது என்று படமும் வரைந்திருப்பார்கள். இச்சொற்களுக்கு வயது அதிகமில்லை. சூழலியல் என்ற துறைக்கு ஜேர்மன் மொழியிற் பெயர் வைத்தவர் ஏர்ண்ஸ்ட் ஹெக்கல். அது 1866ஆம் ஆண்டு. சூழற்றொகுதி என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்லை வழங்கியவர் ஆதர் ரான்ஸ்லி. அது 1935ஆம் ஆண்டு. ஆனால் பெயர் பிறக்க வெகு காலத்துக்கு முன்னரே, பொருளைக் காடும் மலையும் ஆறுமாய் அலைந்து கண்டுகொண்ட ஒருவர் இருந்தார். அவர்தாம் அலெக்சாந்தர் ஹம்போல்ட்.

1769ஆம் ஆண்டு செப்டெம்பர் 14ஆம் திகதி பேர்லின் நகரில் அவர் பிறந்தார். தந்தையார் பிரஷ்ய அரசின் படை அதிகாரி. மகனுக்குப் பத்து வயது நிரம்புமுன் அவர் இறந்துவிட்டார். தாயார் செல்வம் படைத்தவர். பிள்ளைகளுக்கு நல்ல ஆசிரியர்களை அமர்த்தினார். ஆனால் அன்பைக் காட்டத் தெரியாதவர். மூத்தவர் வில்ஹெல்ம் புத்தகமே கதியென்று இருந்தார். பின்னாளில் மொழியறிஞராகிப் பேர்லின் பல்கலைக்கழகம் தோன்றக் காரணமாயிருந்தவர் இவரே. இளையவரான அலெக்சாந்தரோ பூச்சியும் செடியும் கல்லும் பொறுக்கிச் சட்டைப்பையை நிரப்பிக்கொண்டு வீடு திரும்புவார். மகன் அரசாங்க உத்தியோகம் பார்க்கவேண்டும் என்பது தாயின் முடிவு. எனவே 1791இல் பிறைபேர்க் சுரங்கக் கல்லூரியிற் சேர்ந்தார். பின்னர் சுரங்கப் பரிசோதகர் ஆனார். அங்கும் அவர் சும்மா இருக்கவில்லை. நிலத்தடியில் வேலை செய்யும் ஏழைகளுக்காகத் தம் கைக்காசைச் செலவழித்து ஒரு பள்ளிக்கூடம் திறந்தார். நச்சுக் காற்றிலும் அணையாத விளக்கொன்றைச் செய்து, அதைத் தாமே சோதிக்கப் போய் மயங்கி விழுந்து, பிறர் இழுத்தெடுக்க உயிர் தப்பினார். 1796இல் தாயார் காலமானார். கையிற் பெருஞ் செல்வம் வந்தது. உத்தியோகத்தை அன்றே உதறினார் என்று சொல்லலாம்.

ஸ்பானிய மன்னர் நாலாம் காளோஸ் தமது அமெரிக்கக் குடியேற்ற நாடுகளுக்குள் அந்நியரை எளிதில் விடுவதில்லை. அப்படியிருந்தும் புரட்டஸ்தாந்தரான இந்த ஜேர்மானியருக்கு அனுமதிப் பத்திரம் கிடைத்தது. செலவு முழுவதும் ஹம்போல்ட்டுடையது. எமே பொன்பிளான் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளரைத் துணைக்கழைத்துக்கொண்டு 1799 யூன் 5ஆம் திகதி கப்பலேறினார். யூலை 16ஆம் திகதி இன்றைய வெனிசுவேலாவின் குமானா துறைமுகத்தில் இருவரும் இறங்கினார்கள். பாரமானி, வெப்பமானி, தொலைகாட்டி என்று நாற்பதளவு கருவிகள் கூடவே இறங்கின.

குமானாவில் அவர் தங்கிய வீடு பெரிய சதுக்கத்தைப் பார்த்தபடி இருந்தது. அச்சதுக்கத்திலேதான் அடிமைச் சந்தை. ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவந்த பதினைந்து, இருபது வயது இளைஞரைக் காலையில் தேங்காயெண்ணெய் பூசி மினுக்கி நிறுத்துவார்கள். வாங்க வருகிறவன் குதிரையைப் பார்ப்பதுபோல வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பான். அந்தக் காட்சியை ஹம்போல்ட் சாகும்வரை மறக்கவில்லை. கியூபா தீவைப் பற்றி 1826இல் வெளியிட்ட நூலில் அடிமைத்தனத்தை அவர் சாடியதும், அந்த நூல் கியூபாவிலே தடைசெய்யப்பட்டதும் பின்னால் நடந்தவை.

அதே ஆண்டு செப்டெம்பரில் கரிப்பே என்ற மலைப்பள்ளத்தாக்குக்குப் போனார். அங்கே கப்புச்சின் துறவிகளின் மிஷன் ஒன்று இருந்தது. வந்தவர் கத்தோலிக்கரா என்று பாராமல் அறையும் உணவும் தந்து அத்துறவிகள் உபசரித்தார்கள். பக்கத்திலே ஒரு பெருங்குகை. குவாச்சரோ என்ற பறவைகள் ஆயிரக்கணக்கில் அதனுள்ளே குடியிருந்தன. பகல் முழுவதும் இருளில் அடைந்து கிடந்து, இரவில் வெளியே பறந்து, காட்டுப் பழங்களைத் தின்று திரும்பும் பறவை அது. ஆண்டுக்கொரு முறை அங்குள்ள இந்தியர் தீப்பந்தத்தோடு நுழைந்து, நீண்ட தடிகளாற் கூடுகளைத் தட்டி, கொழுத்த குஞ்சுகளைக் கொன்று எண்ணெய் வடிப்பார்கள். மிஷன் சமையலறையிலும் அந்த எண்ணெய்தான். ஹம்போல்ட் குகைக்குள் போய் இரண்டு விஷயங்களைக் கவனித்தார். பறவைகள் கொண்டுவந்து போட்ட விதைகள் அந்த இருட்டிலும் முளைத்து, வெளிறிப்போய், ஒளியைத் தேடி நீண்டு நின்றன. இது ஒன்று. இந்தியர் குகையின் ஆழத்துக்குப் போக அஞ்சினார்கள். முன்னோரின் ஆவிகள் அங்கே இருப்பதாக நம்பினார்கள். உள்ளே போகாமல் விட்ட அந்தப் பகுதியிலே பிழைத்த பறவைகளால்தான் இனம் அழியாதிருந்தது. இது மற்றது. மூடநம்பிக்கை என்று சிரித்துவிட்டுப் போகாமல், அதனால் விளைந்த பலனையும் எழுதி வைத்தாரே, அதுதான் அவரிடம் எனக்குப் பிடித்த குணம்.

இனி ஏரியின் கதைக்கு வருவோம். 1800 பெப்ரவரியில் அரகுவா பள்ளத்தாக்கை அடைந்தார். அவுரி, கரும்பு, பருத்தி, கொக்கோ விளையும் செழிப்பான நிலம். நடுவிலே வலென்சியா ஏரி. கடலுக்குப் போக வழியில்லாத ஏரி அது. ஆண்டுக்காண்டு தண்ணீர் வற்றிக்கொண்டே வந்தது. 1555இல் நகரம் அமைந்தபோது கரையிலிருந்து அரைக் காவதத் தூரம் என்று பழைய குறிப்பு. ஹம்போல்ட் அளந்தபோதோ ஐந்து கிலோமீற்றருக்கு மேலாயிருந்தது. முன்னர் தண்ணீருக்குள் மறைந்திருந்த திட்டுகள் தீவுகளாய்த் தலைகாட்டின. ஏரிக்கடியிலே எங்கோ ஓர் ஓட்டை இருக்கிறது, அதன் வழியாக நீர் ஒழுகிப்போகிறது என்று ஊரார் நம்பினார்கள். நிலம் வெளிப்பட வெளிப்பட அதிலும் பயிர் வைத்தார்கள். ஆகவே பலருக்கு அது கவலையாகவும் படவில்லை.

ஹம்போல்ட் ஓட்டையைத் தேடவில்லை. மலையை அண்ணாந்து பார்த்தார். சுற்றியிருந்த சரிவுகளில் மரங்கள் வெட்டப்பட்டிருந்தன. ஏரிக்கு வரவேண்டிய ஓடைகள் அவுரித் தோட்டங்களுக்குத் திருப்பப்பட்டிருந்தன. அவர் கண்ட தொடர்பு இதுதான்: மரம் நிலத்துக்கு நிழல் தருகிறது, இலைகளால் நீராவியை விட்டுக் காற்றைக் குளிர்விக்கிறது, வேரும் சருகும் மழைநீரைப் பிடித்து மெல்ல மெல்ல மண்ணுக்குள் இறக்குகின்றன, அந்த நீரே ஊற்றாய் வருகிறது. மரத்தை எடுத்தால் வெயில் நேரே மண்ணைச் சுடும். ஊற்று வற்றும். மழை பெய்தாலோ நீர் நில்லாமல் பாய்ந்து, மேல்மண்ணை வாரிக்கொண்டு வெள்ளமாய் வரும். ஆகவே ஒரே மலையடிவாரத்தில் ஒரு பருவத்தில் வறட்சி, இன்னொரு பருவத்தில் வெள்ளம். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. போதாததற்கு அவுரிச் செடி மண்ணின் சத்தையும் உறிஞ்சிவிடும். இன்று பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் இது தெரிந்திருக்கலாம். அன்று இதை அளந்து காட்டி எழுதியவர்கள் மிகச் சிலரே.

அவர் சொன்னது சரியா என்று பார்க்க வரலாறே ஒரு பரிசோதனை நடத்தியது. 1822இல் பூசங்கோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானி அதே ஏரிக்குப் போனார். நீர் உயர்ந்துகொண்டிருந்தது! தீவுகள் மறுபடி மூழ்கியிருந்தன. இடையிலே சுதந்திர யுத்தம் வந்து, அடிமைகள் விடுதலை பெற்றுப் படையிற் சேர்ந்து, தோட்டங்கள் கைவிடப்பட்டிருந்தன. ஓடைகள் பழையபடி ஏரிக்கு ஓடின. சரிவுகளிற் காடு திரும்பவும் வளர்ந்திருந்தது.

ஏரியை விட்டுத் தெற்கே யானோஸ் என்னும் புல்வெளிகளைக் கடந்தார். மின் விலாங்குகளைப் பிடிக்கக் குதிரைகளைக் குளத்துக்குள் விரட்டிய கதையை நீங்கள் எங்காவது வாசித்திருப்பீர்கள். எனக்கு அதைவிட முக்கியமாய்ப் படுவது மொரிச்சே என்ற பனையினம். நம் வடபகுதி மக்களுக்குப் பனை எப்படியோ அப்படி ஒறினோக்கோ முகத்துவாரத்து வறாவோ மக்களுக்கு அது. பழமும், மாவும், கள்ளும், கயிறும், கட்டிப் படுக்கும் தூளியும் அதிலிருந்தே வந்தன. மனிதனோடு நின்றுவிடவுமில்லை. வெயில் கொளுத்தும் புல்வெளியில் அந்தப் பனையின் அடியில் மட்டும் மண் ஈரமாயிருந்தது. ஈரத்தில் புழு பூச்சி. புழு பூச்சியைத் தேடிப் பறவை. காற்று கொண்டுவந்த மண்ணும் வேரடியில் தங்கியது. ஒரு மரத்தை நம்பி ஒரு கூட்டமே வாழ்வதை அங்கே கண்டார். இப்படிப்பட்ட உயிரினத்துக்கு விஞ்ஞானிகள் தனிப்பெயர் வைக்க இன்னும் நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தன.

ஒறினோக்கோ ஆற்றில் வள்ளப் பயணம். அத்தூரஸ் மிஷனைச் சேர்ந்த பெர்னார்தோ செயா என்ற குருவானவர், காய்ச்சலோடு இருந்தும், வழித்துணையாய் வந்தார். இரவில் கரையிலே தூளி கட்டிப் படுத்தால் காடு முழுவதும் அலறும். மிருகங்கள் முழுநிலவைக் கொண்டாடுகின்றன என்று இந்தியர் விளக்கம் சொன்னார்கள். ஹம்போல்ட் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். எங்கோ ஒரு ஜகுவார் புலி காட்டுப்பன்றிக் கூட்டத்தைத் துரத்துகிறது. பன்றிகள் செடிகளை முறித்தபடி ஓட, மரத்தில் உறங்கிய குரங்குகள் விழித்து அலற, அதைக் கேட்டுப் பறவைகள் கத்துகின்றன. அது கொண்டாட்டமன்று, உயிருக்கான ஓட்டம். ஒன்றின் பசி மற்றெல்லாவற்றையும் எழுப்பிவிடுகிறது.

அந்த ஆற்றில் ஆமை முட்டை அறுவடையும் நடந்தது. அறாவு என்ற பெரிய ஆமைகள் வறண்ட பருவத்தில் மணற்கரைக்கு இலட்சக்கணக்கில் ஏறி முட்டையிடும். ஜகுவார் அங்கே ஆமையைப் புரட்டிப்போட்டுத் தின்னும். குஞ்சுகள் தண்ணீருக்கு ஓடும்போது பறவைகளும் முதலைகளும் காத்திருக்கும். மனிதரும் வந்து மணலைத் தோண்டி, முட்டையை மிதித்து உடைத்து எண்ணெய் எடுத்தார்கள். மூன்று கரைகளில் மட்டும் ஆண்டுக்கு ஐயாயிரம் சாடி எண்ணெய். அதற்கு 3 கோடி 30 இலட்சம் முட்டைகள் இடப்பட்டிருக்க வேண்டும் என்று கணக்கிட்டார். இயேசு சபைக் குருக்கள் அங்கிருந்த காலத்தில் கரை முழுவதையும் தோண்ட அவர்கள் இடங்கொடுப்பதில்லை. ஆமை அற்றுப்போகும் என்று அஞ்சி ஒரு பகுதியை எப்போதும் ஒதுக்கி வைத்தார்கள். 1767இல் ஸ்பானிய அரசு அச்சபையை நாடுகடத்திற்று. பின்பு வந்தவர்கள் அந்த ஒழுங்கைக் கைவிட, கரை முழுவதும் தோண்டப்பட்டு, அறுவடை வரவரக் குறைந்துவருவதாக அவ்விடத்தார் உணரத் தொடங்கியிருந்தார்கள். மிஷன்களைப் பற்றி ஹம்போல்ட் கசப்பான வார்த்தைகளும் எழுதியிருக்கிறார். இந்தியரைப் பிள்ளைகளைப்போல் அடக்கி வைத்தார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. நல்லதைக் கண்ட இடத்தில் நல்லதென்று எழுதியவரும் அவரே.

1801இல் பொகோட்டா நகரில் ஹொசே செலஸ்தீனோ மூத்திஸ் என்ற வயது முதிர்ந்த குருவைச் சந்தித்தார். அவர் தேர்ந்த தாவரவியலாளர். ஓவியர் பலரை வைத்துத் தென்னமெரிக்கச் செடிகளை வரைவித்தவர். தமது சேகரிப்பை எல்லாம் அவர் திறந்து காட்டினார். அடுத்த ஆண்டு யூன் 23ஆம் திகதி, அக்காலத்தில் உலகின் மிக உயர்ந்த சிகரமென்று கருதப்பட்ட சிம்பொறாசோ மலையில் ஏறினார் ஹம்போல்ட். ஈறுகளில் இரத்தம் கசிய, மூச்சு முட்ட, ஏறத்தாழ 5,900 மீற்றர் உயரத்தில் ஒரு பிளவு குறுக்கிட்டது; திரும்பினார்கள். உச்சியைத் தொடவில்லை. ஆனால் அடிவாரத்தில் வாழையும் பனையினங்களும், அதற்கு மேலே மரப்பன்னமும் கொயினா மரமும், பின்பு குறுஞ்செடி, புல், கடைசியிற் பாறையில் ஒட்டிய கற்பாசி, அப்பால் வெறும் பனி என்று உயிர்கள் படிப்படியாய் மாறுவதைக் கண்டார். எந்தச் செடி எங்கே வாழும் என்பதைக் குளிரும் ஈரமும் காற்றின் அமுக்கமும் சேர்ந்தே நிர்ணயிக்கின்றன. இதை ஒரே படத்தில் மலையின் குறுக்குவெட்டாக வரைந்து 1807இல் வெளியிட்டார்.

மெக்சிக்கோ, ஐக்கிய அமெரிக்கா வழியாக 1804 ஓகஸ்டில் ஐரோப்பா திரும்பினார். ஏறக்குறைய 6,000 வகைச் செடிகள் கூட வந்தன. பாரிசிலே இருபதாண்டுக்கு மேல் இருந்து நூல் நூலாக வெளியிட்டார்; சொத்து அதிலேயே கரைந்தது. இமயமலைக்குப் போக ஆசைப்பட்டுப் பல முறை விண்ணப்பித்தும் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பனி அனுமதி தரவில்லை. குடியேற்ற ஆட்சிகளை அவர் எழுத்தில் வெளுத்து வாங்கியதை அவர்கள் வாசிக்காமலா இருந்திருப்பார்கள்? 1829இல் அறுபதாவது வயதைத் தொடும் வேளையில் ரஷ்யாவைக் கடந்து சைபீரியா வரை போனார். அந்தப் பயண நூலில், மனிதன் காலநிலையை மாற்றுவதற்கு மூன்று வழிகளைச் சொன்னார்: காடழித்தல், நீரோட்டங்களைத் திருப்புதல், தொழிற்சாலை மையங்களில் ஆவியையும் வாயுவையும் குவித்தல். நூல் வெளிவந்தது 1843ஆம் ஆண்டு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதுமையில் எழுதத் தொடங்கிய நூல் கொஸ்மொஸ். விண்மீனிலிருந்து பாசி வரை எல்லாவற்றையும் ஒன்றாகக் காட்ட முயன்ற நூல். முதற்பாகம் 1845இல் வந்தது. கடவுளின் பெயரே அதில் இல்லையென்று அன்றே பலர் குறைகூறினார்கள். குறை உண்மைதான். சிருஷ்டியை இவ்வளவு அன்போடு பார்த்தவர் சிருஷ்டிகரைப் பற்றி வாய்திறக்காதது நமக்கும் வருத்தமே. ஆனால் அவருடைய பயண நூலைக் கப்பலிற் கொண்டுபோய் வாசித்துத்தான் இளைஞர் டாவின் உலகைச் சுற்றினார் என்பதும் உண்மை.

கொஸ்மொஸின் ஐந்தாம் பாகம் முடியவில்லை. 1859 மே 6ஆம் திகதி, எண்பத்தொன்பதாம் வயதில், பேர்லினில் அவர் காலமானார். மணமுடிக்காதவர், பிள்ளைகள் இல்லை. அரச குடும்பத்தார் பங்குபற்றப் பெருங்கூட்டம் சவ ஊர்வலத்தில் நடந்தது. தாயார் விட்டுச்சென்ற செல்வத்தில் அப்போது ஒன்றும் மிச்சமில்லை. வீட்டிலிருந்த புத்தகங்களையும் தட்டுமுட்டுப் பொருள்களையும், ரஷ்யப் பயணத்திலிருந்து கடைசிவரை தமக்குப் பணிசெய்த வேலைக்காரனுக்கு எழுதி வைத்திருந்தார்.