சங்கரதாச சுவாமிகள்

முத்தமிழுள் இறுதியாக வைத்து எண்ணப்படுவது நாடகம். இயலும் இசையும் தன்பால் ஒருங்கே அமையப் பெற்றமையால், கற்றாரையும் கல்லாரையும் ஒருசேர மகிழ்விக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. அத்தகைய நாடகத்தை ஒரு கல்வியாகவே கொண்டு, இளஞ்சிறார்க்கு முறையாகப் பயிற்றிய பெருமகனார் தவத்திரு சங்கரதாச சுவாமிகள் ஆவார்.

சுவாமிகள் 1867-ஆம் ஆண்டில், தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டி என்னும் சிற்றூரில் தோன்றினார். தந்தையாரிடமும், பின்னர்ப் பழனித் தண்டபாணி சுவாமிகளிடமும் தமிழ் பயின்று, செய்யுள்களை விரைந்து பாடும் புலமை எய்தினார். சில காலம் கணக்கர் வேலை பார்த்தார். ஆயினும் அவர்தம் உள்ளம் நாடகத்தையே நாடிற்று. 24-ஆம் வயதில் அவ்வேலையைத் துறந்து நாடகத் துறையிற் புகுந்தார்.

இரணியன், இராவணன், எமன், சனீசுவரன் ஆகிய வேடங்களில் அவர் தோன்றும்போது அவையோர் நடுங்குவர். ஒருகால், அவரது சனீசுவரன் வேடத்தைக் கண்டு அஞ்சிய பெண்ணொருத்திக்குப் பெருந்தீங்கு நேர்ந்தது என்றும், அது கேட்டு மனம் நொந்த சுவாமிகள் வேடம் புனைவதையே விட்டொழித்தார் என்றும் கூறுவர். பின்னர் அவர் தம் ஆற்றல் முழுவதையும் நாடகம் இயற்றுவதிலும் பிறர்க்குப் பயிற்றுவதிலும் செலுத்தினார்.

அக்காலத்தில் நடிகர் பலர் மேடையில் தத்தம் மனம்போனவாறு பேசி வந்தனர். இதனால் கதை சிதைந்தது, தமிழும் பிழைபட்டது. சுவாமிகள் பாடலும் உரையாடலும் செவ்விதின் அமைந்த நாடகங்களை இயற்றி, இக்குறையை நீக்க முற்பட்டார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி முதலியன அவர் இயற்றியவை. முதியவரைத் திருத்துவதினும் இளையவரைப் பழக்குவது எளிது என உணர்ந்து, அவர் சிறுவர் நாடகக் குழுக்களை அமைக்கலானார். 1918-ஆம் ஆண்டில் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கினார்.

அச்சபை குருகுலம் போன்றது. சிறுவர்கள் ஆசிரியருடன் ஓரிடத்தே உண்டு உறைந்து, பாடம் கேட்டுப் பயின்றனர். குரல்வளமும் தோற்றமும் நோக்கி அவரவர்க்கு ஏற்ற வேடங்கள் வழங்கப்பெற்றன. ஏட்டிலே விடை எழுதுவதன்று அவர்தம் தேர்வு. நூற்றுக்கணக்கானோர் நோக்கியிருக்க, சொல் வழுவாது, சுருதி பிறழாது, உற்ற மெய்ப்பாட்டுடன் நடித்துக் காட்டுவதே தேர்வாகும். இச்சபையிற் பயின்றோருள் தி. க. சண்முகம் ஒருவர். அச்சிறுவருக்காகவே அபிமன்யு சுந்தரி என்னும் நாடகத்தைச் சுவாமிகள் ஓர் இரவில் எழுதி முடித்தார் என்பது அவர்தம் விரைவுக்குச் சான்று.

1921-ஆம் ஆண்டில் வாதநோய் சுவாமிகளைத் தாக்கிற்று. எத்தனையோ சிறுவர்க்குச் செந்தமிழ் பேசப் பயிற்றிய நா, பேச்சிழந்தது. எனினும் அவர் எழுதிய நாடகங்களை மாணாக்கர் மேடைதோறும் நடித்து வந்தனர். ஆசிரியர் வாய் அடங்கிய பின்னும் அவர் பயிற்றிய சொல் அடங்கவில்லை. 1922-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 13-ஆம் நாள் புதுச்சேரியில் சுவாமிகள் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

தி. க. சண்முகம் உடன்பிறந்தாரும், இசைநலம் மிக்க எஸ். ஜி. கிட்டப்பாவும் அவரால் விளக்கமுற்ற நடிகர்கள் ஆவர். தாம் மேடையினின்று விலகித் தம் மாணாக்கரை அதன்கண் ஏற்றிய அப்பெரியாரைத் தமிழுலகம் நாடகத் தலைமையாசிரியர் எனப் போற்றுகின்றது. தம்மினும் தம் மாணாக்கர் சிறத்தலே நல்லாசிரியர்க்கு உவகை தருவது என்பதை அவர்தம் வாழ்க்கை நமக்கு உணர்த்துகின்றது.