பொள்ளாச்சி - பழனி சாலையில் தொடங்கிய பயணம்: இரண்டாயிரம் ரூபாய்க் கார் செய்த ஜி.டி.நாயுடு

கோவை, ஜன. 4: பொள்ளாச்சியிலிருந்து மேற்கே சென்றால் பாலக்காடு. உடுமலைப்பேட்டையிலிருந்து தெற்கே திரும்பி, சின்னாறு சோதனைச் சாவடியைக் கடந்தால் இடுக்கி மாவட்டத்து மறையூர். கேரளத்தின் இவ்விரு எல்லைகளுக்கும் இடையே, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தெற்கே பார்த்தபடி செல்கிறது பொள்ளாச்சி - உடுமலை - பழனி சாலை. 1920ஆம் ஆண்டு, ஒரே ஒரு பேருந்தை வைத்துக்கொண்டு, ஓட்டுநராகவும் உரிமையாளராகவும் இருந்து இச்சாலையில் தொழில் தொடங்கிய இளைஞர்தான் பின்னாளில் இந்தியாவின் எடிசன் என்று அழைக்கப்பட்ட ஜி.டி.நாயுடு. 1974ஆம் ஆண்டு இதே ஜனவரி 4ஆம் தேதி அவர் மறைந்தார்.

சவரக் கத்தி, மின்மோட்டார், வானொலி, பழச்சாறு பிழியும் கருவி என அவருடைய கண்டுபிடிப்புகளின் பட்டியல் நீளமானது. பள்ளிப் பாடநூல்களிலும் மேடைகளிலும் அப்பட்டியலே திரும்பத் திரும்ப ஒப்பிக்கப்படுகிறது. ஆனால் அவரது வாழ்க்கை சாலையில் தொடங்கியது. வண்டி ஓட்டுபவரும் வண்டிக்குக் காத்திருப்பவரும் நாள்தோறும் படும் சிறு சிறு அவதிகளே அவருக்கு முதல் பாடமாக அமைந்தன.

கோவை மாவட்டம் சூலூர் அருகே கலங்கல் என்ற சிற்றூரில், விவசாயக் குடும்பத்தில் 1893 மார்ச் 23 அன்று பிறந்தவர் துரைசாமி. தந்தை கோபால்சாமி நாயுடு. தாயைச் சிறு வயதிலேயே இழந்தார். பள்ளிக்கூடம் அவருக்குப் பிடிக்கவில்லை. படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. ஆயினும் கிடைத்த நூல்களையெல்லாம் தாமே படித்துக்கொண்டார்.

ஆங்கிலேய வருவாய்த் துறை அதிகாரி ஒருவர் மோட்டார் சைக்கிளில் ஊருக்குள் வந்த காட்சிதான் அவரது வாழ்வைத் திசைதிருப்பியது. மாடும் குதிரையும் இழுக்காமல் தானே ஓடும் அந்த வண்டி அவரைத் தூங்கவிடவில்லை. வீட்டை விட்டுக் கோவைக்கு வந்து, உணவு விடுதி ஒன்றில் பரிமாறும் வேலையில் சேர்ந்தார். மேசை துடைத்துச் சேர்த்த பணத்தில், சில ஆண்டுகள் கழித்து, 1912ஆம் ஆண்டைச் சேர்ந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கினார். வாங்கியவர் முதலில் செய்த வேலை அதை ஓட்டியதல்ல. திருகு திருகாகக் கழற்றியது. கழற்றியதை மீண்டும் பூட்டி ஓட வைத்தபோது அவர் மெக்கானிக் ஆகியிருந்தார்.

அதன்பின் நேராகப் பேருந்துத் தொழிலுக்கு வந்துவிடவில்லை. திருப்பூரில் பஞ்சாலைத் தொழிலில் இறங்கி, முதல் உலகப் போர்க் காலத்தில் கை நிறையச் சம்பாதித்தார். அந்தப் பணத்தோடு பம்பாய் பருத்திச் சந்தைக்குச் சென்று, அங்கே அத்தனையையும் இழந்து வெறுங்கையோடு திரும்பினார். கோவையின் தொழில் வளர்ச்சிக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவரான சர் ராபர்ட் ஸ்டேன்ஸ் அப்போது கைகொடுத்தார். அவரது உதவியால் வந்ததே அந்த முதல் பேருந்து.

ஒரே வண்டி, ஒரே சாலை

இன்று அறுபது கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான அந்தத் தூரத்தைக் கடப்பது பெரிய செய்தியல்ல. 1920இல் நிலைமை வேறு. போத்தனூரிலிருந்து பொள்ளாச்சி வரை மட்டுமே ரயில் வந்திருந்தது. திண்டுக்கல் - பொள்ளாச்சி பாதை 1928இலும், பொள்ளாச்சி - பாலக்காடு பாதை 1932இலும்தான் திறக்கப்பட்டன. பழனி முருகனைக் காணச் செல்லும் பக்தருக்கு மாட்டு வண்டி, இல்லையேல் கால்நடை. மோட்டார் வண்டியும் எளிதில் பணிந்துவிடும் ஒன்றல்ல. முன்பக்கம் கைப்பிடியைச் சுழற்றித்தான் எஞ்சினை உயிர்ப்பிக்க வேண்டும். கவனம் தவறினால் அது திருப்பி அடித்து மணிக்கட்டை முறிக்கும். வெயிலில் ரேடியேட்டர் கொதித்து ஆவி கக்கும். வழியில் கிணறு தேட வேண்டும். டயர் வெடிப்பதோ அன்றாட நிகழ்ச்சி.

இவற்றையெல்லாம் விதியென்று ஏற்றுக்கொள்ளாதவர் நாயுடு. அவரது யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ், மக்கள் வழக்கில் யு.எம்.எஸ்., சில ஆண்டுகளிலேயே நாட்டின் சிறந்த போக்குவரத்து நிறுவனங்களுள் ஒன்றாக வளர்ந்தது. 1933 வாக்கில் ஏறத்தாழ 280 பேருந்துகள் அதன் பெயரில் ஓடின. ஆனால் எண்ணிக்கையைவிட அவர் காட்டிய ஒழுங்கே கவனிக்கத்தக்கது. வண்டி எப்போது வரும் என்று தெரியாமல் புளியமரத்தடியில் காத்துக் கிடப்பதுதான் பயணியின் முதல் துன்பம். அதற்காகப் பேருந்து நிலையத்தில் வண்டிகளின் வருகையையும் புறப்பாட்டையும் காட்டும் கருவியை அமைத்தார். பயணச்சீட்டு வழங்க ஓர் இயந்திரம் செய்தார். எஞ்சின் பழுதாகி நடுவழியில் நின்ற பிறகு பார்ப்பதைவிட முன்கூட்டியே அறிவது நல்லது என்று, அதன் அதிர்வைச் சோதிக்கும் கருவியையும் உருவாக்கினார்.

செல்போன் செயலியில் பேருந்து எங்கே வருகிறது என்று பார்க்கும் தலைமுறைக்கு இதன் அருமை உடனே புலப்படாது. நகரப் பேருந்து நிறுத்தம் ஒன்றில் அரை மணி நேரம், எந்த அறிவிப்பும் இன்றி, நின்று பார்த்தவர்களுக்குப் புலப்படும்.

1930களின் தொடக்கத்தில் முதன்முறையாக வெளிநாடு சென்ற அவர், பிறகு பலமுறை ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் சுற்றினார். கையில் எப்போதும் கேமரா இருந்தது. 1936இல் லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தைப் படம் பிடித்தவர்களுள் அவரும் ஒருவர். ஜெர்மனியில் பார்த்த தொழிற்சாலைகள் அவரை மிகவும் ஈர்த்தன. 1937இல் டி.பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து இந்தியாவிலேயே வடிவமைத்துச் செய்யப்பட்ட முதல் மின்மோட்டாரைக் கோவையில் உருவாக்கினார். இன்று கோவை நகரம் மோட்டார்களுக்கும் பம்புசெட்டுகளுக்கும் பெயர் பெற்றிருப்பதன் வேர்களுள் ஒன்று அது. அவரது ரசன்ட் மின் சவரக் கருவியும் அக்காலத்ததே. ஐந்து வால்வு வானொலியை எழுபது ரூபாய்க்குத் தர முடியும் என்று 1941இல் அறிவித்தார். மண்ணெண்ணெயில் சுழலும் விசிறியும், மோசடி செய்ய இயலாத வாக்குப்பதிவு இயந்திரமும் அவரது பட்டறையிலிருந்து வந்தவை.

கோவையில் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரிகள் உருவாக அவரது நன்கொடையும் முயற்சியும் காரணமாயின. அவற்றுள் பொறியியல் கல்லூரி இன்று அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது. 1945இல் அதன் முதல்வர் பொறுப்பையும் மூன்றாம் வகுப்போடு நின்ற அவரே ஏற்றார். நான்கு ஆண்டுப் படிப்பு வீண், இரண்டே ஆண்டுகள் போதும் என்பது அவரது கட்சி. அரசு இசையவில்லை, அவர் விலகினார். பொறியியல் முழுவதையும் இரண்டு ஆண்டுகளில் அடக்கிவிட முடியுமா என்பது ஐயத்துக்குரியதே. ஆனால் பட்டறையில் கை அழுக்காகாமல் பொறியாளர் ஆகிவிடலாம் என்ற எண்ணத்தை அவர் எதிர்த்ததில் பிழையில்லை.

ஓடாமல் நின்ற கார்

அவரது வாழ்வில் இன்றும் மனத்தை உறுத்துவது 1952ஆம் ஆண்டு நிகழ்ச்சி. இருவர் அமரக்கூடிய பெட்ரோல் கார் ஒன்றை அவர் உருவாக்கினார். விலை 2,000 ரூபாய். காரென்றால் ஜமீன்தாரும் ஆலை முதலாளியும் வைத்திருக்கும் பொருள் என்றிருந்த காலத்தில், நடுத்தரக் குடும்பம் ஒன்று எண்ணிப் பார்க்கக்கூடிய விலை அது.

உலகின் மற்றப் பகுதிகளில் அதே ஆண்டுகளில் என்ன நடந்தது என்று பார்த்தால் இதன் பொருள் விளங்கும். போருக்குப் பிந்தைய ஐரோப்பாவிலும் பணமில்லை, பெட்ரோலும் அரிது. வழக்கத்துக்கு மாறான சிறு கார்கள் அங்கே வரிசையாகப் பிறந்தன. பிரான்சின் சிட்ரோயன் நிறுவனம் 1948இல் அறிமுகப்படுத்திய 2சிவி கார், கூடை நிறைய முட்டையோடு உழுத வயலைக் கடந்தாலும் ஒன்றும் உடையக்கூடாது என்ற நோக்கோடு வடிவமைக்கப்பட்டது. அதன் எஞ்சின் காற்றால் குளிர்வது. ரேடியேட்டரே இல்லாததால் கொதித்து நிற்கும் தொல்லை இல்லை. 1953இல் இத்தாலியில் வந்த இசெட்டாவின் முன்முகம் முழுவதுமே கதவு. குளிர்பதனப் பெட்டியைத் திறப்பதுபோல் திறந்து உள்ளே ஏற வேண்டும். ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் சிறுகார்களுள் ஒன்றில் பின்னால் செல்ல வேண்டுமானால் எஞ்சினை நிறுத்தி, எதிர்த்திசையில் சுழலுமாறு மீண்டும் இயக்க வேண்டும். சிரிப்புக்கிடமான வடிவங்கள்தாம். ஆனால் மழையில் நனையாமல் வேலைக்குப் போக விரும்பிய எளிய மனிதர்களை அவை சாலைக்குக் கொண்டுவந்தன.

நாயுடுவின் கார் இந்த வரிசையில் நின்றிருக்க வேண்டியது. இசெட்டா வெளிவருவதற்கும் முந்தியது. ஆனால் தொழில்கள் மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் 1952 மே மாதம் நடைமுறைக்கு வந்திருந்தது. எதை யார் செய்யலாம் என்பதை உரிமமே தீர்மானித்தது. காரைத் தொழில்முறையில் தயாரிக்க அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. திட்டம் அத்தோடு நின்றது. மோட்டார் வண்டித் தயாரிப்பு மிகச் சில நிறுவனங்களின் கைக்குள் சுருங்கியது. அடுத்த முப்பது ஆண்டுகளில் இந்தியர்கள் கண்ட கார்கள் பெரும்பாலும் அம்பாசடரும் பியட்டும்தான். பணத்தைக் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்கள் எத்தனையோ பேர்.

வரி விதிப்பை எதிர்த்தும் அவர் அரசோடு மோதினார். 1950களில் தாம் உருவாக்கிய பொருள்களைப் பொதுமக்கள் முன்னிலையில் தாமே உடைத்து நொறுக்கிக் கண்டனம் தெரிவித்தார். அன்று அது பெரும் பரபரப்பாயிற்று. அவரது கோபத்துக்கு நியாயம் இருந்தது. ஆயினும் இழப்பு அரசுக்கு அல்ல, அப்பொருள்களைப் பார்த்துக் கற்றிருக்கக்கூடிய பிள்ளைகளுக்கே நேர்ந்தது என்று தோன்றுகிறது.

பிற்காலத்தில் பருத்தி, பப்பாளி எனப் பயிர் ஆராய்ச்சியிலும் ஈடுபட்டார். அவரது தோட்டத்தைக் காணச் சென்றவர்களுள் சர் சி.வி.ராமனும் ஒருவர், நாயுடுவின் திறமையை வியந்து போற்றியவர் அவர். எண்பது வயதில் கோவையில் நாயுடு மறைந்தபோது, அவரது சிறு கார்க் கனவு போய் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய சிறு கார் என்ற எண்ணம் மாருதி 800 வடிவில் இந்தியச் சாலைக்கு வந்தது 1983 டிசம்பரில்.

கோவை அவினாசி சாலையில் அவர் பெயர் தாங்கிய அறக்கட்டளை நடத்தும் கார் அருங்காட்சியகத்தில், 1886ஆம் ஆண்டு கார்ல் பென்ஸ் உருவாக்கிய மூன்று சக்கர வண்டியின் மாதிரியிலிருந்து தொடங்கி, மோட்டார் வண்டி வளர்ந்த கதையைக் காணலாம். விலையுயர்ந்த கார்களை அடுக்கி வைப்பதைவிட, பொறியியலில் புதுவழி காட்டிய வண்டிகளுக்கு அங்கே இடம் தரப்பட்டுள்ளது.

அதே அவினாசி சாலையில், நெரிசலில் சிக்னலுக்குச் சிக்னல் நின்று வாகன ஓட்டிகள் பல ஆண்டுகள் சலித்துப்போயிருந்தனர். உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைக்கப்பட்ட மேம்பாலம் 2025 அக்டோபர் 9 அன்று திறக்கப்பட்டது. அதற்கு ஜி.டி.நாயுடு மேம்பாலம் என்று பெயர்.